பெர்மெத்தின் பால்கூலி

நரீன் ஆற்றின் இரண்டு கரையிலும் பெர்மெத்தின் கைபடாமல் வேற்றுமை உருபு ஏற்ற பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. பள்ளிக்கூட வேலிக்கு வெளியே மேய்ந்த குதிரைகள்கூட அவள் பாடத்தைக் கேட்டுக் கேட்டு, 'வீடு, வீட்டின், வீட்டுக்கு' என்று தலையாட்டிக்கொண்டே சாயங்காலம் தத்தம் வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. சரி, சரி, குதிரைச் சங்கதி நான் சேர்த்தது. இரண்டு கரை என்பதும் கொஞ்சம் கூடுதல்தான். எங்கள் ஊர் சாரிபுலாக் இருப்பது ஒரு கரையில். எதிர்க்கரைக்கு வேறு வாத்தியார். ஆனால் இந்தக் கரையில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும், கிர்கீஸ் மொழியின் ஆறு வேற்றுமையையும் கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். அதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை.

சொல்லுக்கு உருபு சேர்ப்பதை அவள் குழந்தைக்கு உடுப்பு மாட்டுவதுபோல நடத்துவாள்.

"முதல்ல உள்சட்டை, அப்புறம்தான் மேல்கோட்டு. யாரோடதுங்கறது உள்சட்டை. உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கணும். எங்க போகுது, எங்கிருந்து வருதுங்கறதெல்லாம் மேல்கோட்டு. கோட்டைப் போட்டுட்டு அதுக்கு மேல உள்சட்டை போடுவியாடா?"

பிள்ளைகள் சிரிக்கும். எவனாவது ஒருத்தன் மறுநாள் அப்படியே போட்டுக்கொண்டு வந்து நிற்பான்.

எங்கள் மொழியில் 'என்' என்பது முன்னால் வந்து தனியாக நிற்காது. சொல்லின் வாலில் ஒரு 'ம்' ஒட்டிக்கொள்ளும். பாலா என்றால் பிள்ளை, பாலாம் என்றால் என் பிள்ளை. கடைசியில் உதட்டை மூடினால் போதும், பிள்ளை உன்னுடையதாகிவிடும். பெர்மெத்துக்கு அந்த 'ம்'முக்குப் பஞ்சமே இல்லை. தெருவில் எதிர்ப்படுகிற எந்தப் பிள்ளையும் அவளுக்குப் பாலாம்தான். மூக்கொழுகும் பாலாம், ஜன்னலை உடைத்த பாலாம், பரீட்சையில் முட்டை வாங்கிய பாலாம். இந்த ஊரில் பெரியவர்கள் எல்லோருமே ஊரார் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஒரே ஒரு பெண்ணை மட்டும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. தன் வயிற்றில் பிறந்த பேகிமாயை.

பேகிமாய் பிறந்த நாற்பதாம் நாள், நாற்பது கரண்டி தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, அக்கம்பக்கத்தார் கொடுத்த துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டையை மாட்டினார்கள். மாட்டி முடித்ததும் பெர்மெத்தின் மாமியார் பூர்மகான் குழந்தையை வாங்கித் தன் அங்கியின் விளிம்பில் பொதிந்துகொண்டாள். கூடியிருந்த பெண்களை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "இது என்னோடது" என்றாள். எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவி வேண்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. தலைப்பிள்ளை மாமனார் மாமியாருக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை, யாரும் வாய்விட்டு மறுப்பதும் இல்லை. பெர்மெத்தின் கணவன் எசெனுக்கு ஒரு அக்கா உண்டு, கூல்ஜான். அவளே தன் பாட்டியிடம் அப்படி வளர்ந்தவள்தான். "எனக்கென்ன குறைஞ்சா போச்சு?" என்று அன்றைக்கு அவள்தான் பெர்மெத்தின் தோளைத் தட்டினாள்.

ஒரே முற்றம், இரண்டு வீடு. பால் குடிக்க மட்டும் குழந்தை இந்த வீட்டுக்கு வந்தது. குடித்து முடித்ததும் ஏப்பம் விடுவதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போயிற்று. பேச்சு வந்தபோது பூர்மகானை 'அபா', அம்மா, என்றது. எசெனை 'அண்ணா' என்றது. பெர்மெத்தை 'அண்ணி' என்றது. முறைப்படி சரிதானே? மாமியாரின் மகள் என்றால் மருமகளை வேறு எப்படிக் கூப்பிடும்?

பெரியவர்கள் முன்னால் தன் தலைப்பிள்ளையை 'என் மகள்' என்று சொல்வது மருமகளுக்கு வெட்கக்கேடு. எனவே பெர்மெத் சொல்லவில்லை. "அபாவோட பொண்ணு சாப்பிட்டாச்சா?" "அபாவோட பொண்ணுக்குச் சளி பிடிச்சிருக்கு." மாமனார் போன பிறகும் அப்படித்தான். தனியாக இருக்கும்போதும் அப்படித்தான். நாக்கு பழகிவிட்டால் அதற்குக் காவல் தேவையில்லை. பின்னால் அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவை 'என் மகனே' என்று அவர்களைத் திட்டித் தீர்த்தாள்.

பேகிமாய் நான்காம் வகுப்பில் அவளிடமே வந்து உட்கார்ந்தாள். உடைமை உருபுப் பாடம். புத்தகத்தில் எடுத்துக்காட்டாக இருந்தது 'மகள்'. பெர்மெத் அதைத் தொடாமல் பலகையில் 'குதிரைக்குட்டி' என்று எழுதினாள். பாடம் முடிந்ததும், ஒவ்வொருவரும் ஒரு சொல்லை எடுத்து உருபு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவன் கோடாலி, ஒருத்தி தொப்பி. பேகிமாய் எழுந்து, இரட்டைப் பின்னலைப் பின்னால் தள்ளிவிட்டு, கணீரென்று சொன்னாள்:

"என் அண்ணி, என் அண்ணியின், என் அண்ணிக்கு, என் அண்ணியை, என் அண்ணியிடம், என் அண்ணியிடமிருந்து."

ஒரு பிழை இல்லை. சொல்லிவிட்டு, பிரியமாகத்தான், ஆசிரியையைப் பார்த்துச் சிரித்தாள். பெர்மெத் முழு மதிப்பெண் போட்டுவிட்டு, சுண்ணக்கட்டி எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள். மேஜையில் சுண்ணக்கட்டி பெட்டி நிறைய இருந்தது.

அந்தப் பேகிமாய் வளர்ந்து, நரீன் நகரத்தில் மருந்துக்கடை வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைப் பார்த்து, அவனும் அவளைப் பார்த்து, கணவாய்க்கு அந்தப் பக்கம் கோச்கோரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குத் தோடு போட வருவதாகச் சேதி வந்தது.

முதல் நாளே கூல்ஜான் வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சட்டியில் கொழுப்பு காய்ந்தது. பெர்மெத் மாவை வெட்டி வெட்டிக் கொடுக்க, கூல்ஜான் பொரித்தெடுத்துத் துணியில் கொட்டினாள். வாயும் சட்டியோடு சேர்ந்து கொதித்தது.

"பால்கூலி கொண்டு வர்றாங்களாம்ல? மாப்பிள்ளையோட அம்மா, அதான் அந்த மாரிபா, அவளுக்குப் பெரிய கையாம். வெல்வெட் கோட்டாம். உள்ள நரித்தோல் வெச்சுத் தச்சதாம்."

"கொண்டு வரட்டும் அக்கா."

"கொண்டு வரட்டும்னா? அது யாரு தோள்ல விழப்போகுதுன்னு ஊரே பந்தயம் கட்டுது. என் வீட்டுக்காரன் ஒரு கிடா கட்டியிருக்கான்."

"யாரு பேருல?"

"அதைச் சொன்னா நாளைக்கு நீ எனக்கு டீ ஊத்தமாட்டே."

பெர்மெத் சிரித்தாள். கத்தி மட்டும் மாவில் கோணலாக இறங்கியது.

பெண்ணைக் கொடுக்கும்போது, அவளுக்குப் பால் கொடுத்த தாய்க்கு மாப்பிள்ளையின் தாய் செய்கிற மரியாதை பால்கூலி. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து பெர்மெத் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், கூப்பிடும் முறையையும் எடுத்துக்கொண்டார்கள், போகட்டும். பால்? அதை யார் பேருக்கு மாற்ற முடியும்? எந்த வழக்கத்தாலும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் இன்னொருத்தியின் மார்பில் வைக்க முடியாதே. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், அந்தக் கோட்டு தன் தோளில் விழுந்தால் போதும். பெற்றவள் இவள் என்று ஒரு நாழிகை இந்த வீடு ஒப்புக்கொண்டால் போதும். அப்புறம் கோட்டைப் பெட்டியில் போட்டுப் பூச்சி அரித்தாலும் அவளுக்குக் கவலை இல்லை.

எசென் காரின் அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான். அவன் கால்களைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்குக் கோட்டு யாருக்குன்னு அபாகிட்டப் பேசினீங்களா?"

கால்கள் கொஞ்சம் யோசித்தன. "இப்ப எதுக்கு அதெல்லாம்? வர்றவங்க யாருக்குப் போடறாங்களோ போடட்டும்."

"அவங்களுக்கு நம்ம வீட்டு விஷயம் தெரியுமா?"

"யாராவது சொல்லியிருப்பாங்க."

யாரும் சொல்லவில்லை. எசென் அன்று தேவைக்கு மேல் நெடுநேரம் காரின் அடியிலேயே கிடந்தான்.

மறுநாள் நடுப்பகலில் மூன்று கார்களில் வந்து இறங்கினார்கள். மாரிபா அகலமான பெண். வாசலில் நுழையும்போதே அறை பாதி நிறைந்துவிட்டது. விருந்தினரைக் கதவுக்கு எதிரே, மரியாதைக்குரிய மேல்பக்கம் உட்கார வைத்து, அவர்களுக்கு நடுவே பூர்மகானை உட்கார வைத்தார்கள். கிழவி எலும்பும் தோலும்தான், ஆனால் வெள்ளைத் தலைக்கட்டு ஒரு பனிமுகடு மாதிரி நிமிர்ந்திருந்தது. பெர்மெத் மருமகள் அல்லவா, அவள் இடம் கதவோரம், டீக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில். கிண்ணங்கள் கைமாறிக் கைமாறி அவளிடம் வரும். பால் கொஞ்சம், டிகாக்ஷன் கொஞ்சம், வெந்நீர் கொஞ்சம், பாதிக் கிண்ணத்துக்கும் கீழேயே நிறுத்தி, வலது கையால் நீட்டுவாள். மறுபடி வரும், மறுபடி ஊற்றுவாள். எத்தனை முறை கேட்டு வாங்கிக் குடிக்கிறார்களோ அத்தனை மரியாதை.

இறைச்சி வந்தது, போயிற்று. பெரியவர்கள் மாப்பிள்ளையின் குலத்தைக் கிண்டல் செய்தார்கள். வந்தவர்கள் இந்தக் குலத்தைக் கிண்டல் செய்தார்கள். மாரிபா எழுந்து பேகிமாயின் காதில் வெள்ளித் தோடுகளை மாட்டி, வெள்ளைத் துணியைத் தலையில் போர்த்தி, நெற்றியை முகர்ந்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் அவள் பையிலிருந்து அந்தக் கோட்டை உருவி உதறினாள். கருஞ்சிவப்பு வெல்வெட். விளிம்பில் நரித்தோல் பளபளத்தது.

"எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணுக்குப் பால் குடுத்த அம்மா யாரு? முன்னாடி வாங்க!"

கூல்ஜான்கூட வாயை மூடிக்கொண்டாள். எசென் ரொட்டியில் ஒட்டியிருந்த எள்ளை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தான். பெர்மெத்தின் கை சமோவார்க் குழாயில் நின்றது. எழுந்திருக்க முழங்கால் தயாராக இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது.

மாரிபா சிரித்தாள். "என்னங்க இது, இவ்வளவு வெட்கப்படற ஊரா? சரி, பொண்ணையே கேக்கறேன். நீ சொல்லும்மா, உன் அம்மா யாரு?"

பேகிமாய் நிமிர்ந்தாள். கண் முதலில் கதவோரம் போயிற்று. பெர்மெத்தின் மேல் ஒரு கணம், ஒரே கணம், நின்றது. அப்புறம் மேல்பக்கம் திரும்பியது.

"அபாதான்" என்றாள்.

கோட்டு பூர்மகானின் தோளில் விழுந்தது. அவளுக்கு அது ரொம்பப் பெரிது; உள்ளே கிழவி காணாமல் போய், தலைக்கட்டு மட்டும் வெளியே தெரிந்தது. மாரிபா அவளைக் கட்டிக்கொண்டு, "இத்தனை வயசுக்கப்புறமா பெத்தெடுத்தீங்க? மருந்துன்னு பேர்போன எங்க கோச்கோர் உப்புக்கு இல்லாத சத்து உங்க ஊர்த் தண்ணிக்கு இருக்கு போல! ஒரு குடம் பிடிச்சுக்கிட்டுப் போறேன், என் வீட்டுக்காரரைப் பயமுறுத்த!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தேவைக்கு மேல் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே மாரிபா உட்கார்ந்து தன் கிண்ணத்தைக் கீழே அனுப்பினாள். அது கைமாறிக் கைமாறிக் கதவோரம் வந்தது. பெர்மெத் வாங்கினாள். பால் ஊற்றினாள். டிகாக்ஷன் ஊற்றினாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் பாதியைத் தாண்டியது, அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முக்காலைத் தாண்டியது, அவள் கை குழாயை மூடவில்லை. விளிம்பு தொட்டு மேலே வில்லாக வளைந்து நின்றபோதுதான் மூடினாள். அதை அப்படியே நீட்டினாள்.

கிண்ணம் போன வழியெல்லாம் பேச்சு நின்றது. வாங்கிய ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காததுபோல அடுத்தவர் கையில் வைத்தார்கள், விரல் சுட்டது. விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும் அது. தப்பித்தவறிக்கூட யாரும் ஊற்றமாட்டார்கள்.

மாரிபா தளும்பும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கணவாய் தூரம்தான். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பச் சொல்றாங்க போல." அவள் தம்பி பக்கத்தில் கழற்றி வைத்திருந்த தொப்பியைத் தேடினான். பேகிமாயின் முகம் அவள் தலையில் இருந்த துணியை விட வெளுத்தது.

"அய்யய்யோ, வாத்தியாரம்மா கை அது!" என்று கூல்ஜான் கத்தினாள். "எதையும் பாதியில விட்டுப் பழக்கம் இல்ல அவளுக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் கை தொப்பியை எடுத்துவிட்டது.

"அந்தக் கிண்ணத்தை இங்க குடுங்க சம்பந்தி."

பூர்மகான்தான். கோட்டுக்குள்ளிருந்து ஒல்லியான கை வெளியே வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"இது எனக்கு ஊத்தினது. கை மாறி உங்ககிட்ட வந்துடுச்சு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து இவ எனக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊத்தியிருக்கா. ஒரு நாள்கூட மிஞ்சினதில்ல. இன்னிக்குத்தான் மிஞ்சிடுச்சு. நீங்க உக்காருங்க. கிளம்ப வேண்டியவ நான்."

குடித்தாள். கொதிக்கக் கொதிக்க, இடையில் நிறுத்தாமல், கிண்ணத்தின் அடி தெரியும் வரை குடித்தாள். அப்புறம் கூல்ஜானின் தோளைப் பிடித்து எழுந்து, கோட்டின் விளிம்பு தரையில் இழுபட, பெர்மெத்தைக் கடந்து, அவளைப் பார்க்காமல், முற்றத்துக்குப் போய்விட்டாள்.

மாரிபா புத்தி இல்லாதவள் அல்ல. கதவோரம் இருந்த முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துணியின் கீழ் இருந்த முகத்தைப் பார்த்தாள். ஒரே மூக்கு, ஒரே மோவாய். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். எழுந்து வந்து சமோவார் பக்கத்தில் பெருமூச்சோடு உட்கார்ந்து, "ரொம்ப நேரமா ஊத்திக்கிட்டே இருக்கீங்க. கொஞ்ச நேரம் நான் ஊத்தறேன், தள்ளிக்கங்க" என்றாள். தம்பி தொப்பியைக் கீழே வைத்தான். சம்பந்தம் பிழைத்தது.

சாயங்காலம் கார்கள் போன பிறகு, பேகிமாய் அடுப்படிக்கு வந்தாள். பெர்மெத் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நான் வேற என்ன சொல்லியிருக்கணும்? அபா கண்ணு முன்னாடி?"

"சரியாத்தான் சொன்னே."

"அப்படின்னா ஏன் அப்படி ஊத்தினீங்க? என் கல்யாணமே நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்" என்றாள் பெர்மெத். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு, ஈரக் கையோடு அந்தப் பெண்ணைத் தொடப் போனாள். பேகிமாய் அதற்குள் துண்டை எடுத்து நீட்டிவிட்டாள்.

விடிந்து, பள்ளிக்கூடம் போகும் முன், பாலேடும் சூடான ரொட்டியும் எடுத்துக்கொண்டு பெர்மெத் முற்றத்தைக் கடந்தாள். கிழவி கோட்டைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அபா, சாப்பிடுங்க."

"நேத்து நீ ஊத்தினதே இன்னும் தொண்டை வரைக்கும் நிக்குது."

"தப்பு நடந்துபோச்சு அபா."

"பொய் சொல்லாதே. கை தவறி ஊத்தினா கொட்டும். நீ ஒரு சொட்டுக் கொட்டலை."

பெர்மெத் ரொட்டியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காரு. வகுப்புல நிக்கற மாதிரி நிக்காதே." கிழவி திரும்பிப் படுத்தாள். "கூல்ஜான் என்னை எப்படிக் கூப்பிடறா?"

"அண்ணின்னு."

"என் வயித்துல முதல்ல பொறந்தவ. பேரன் பேத்தி எடுத்துட்டா. இன்னும் நான் அண்ணிதான். என் மாமியா போனப்ப கூல்ஜான் அவ மேல விழுந்து 'அம்மா, அம்மா'ன்னு கதறினா. நான் பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவிக் குடுத்தேன். அண்ணி வேற என்ன பண்ணுவா?"

வெளியே மாடு கத்தியது. கறக்கும் நேரம் தாண்டிவிட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"இந்த வீடு உன் மாமனாரோடது. குதிரைங்க அந்தக் காலத்துல சர்க்கார் கூட்டுப்பண்ணையோடது. மகன் ஒருத்தன் மிஞ்சினான், அவனை உனக்குக் குடுத்தேன். என்னோடதுன்னு சொல்ல எனக்கு என்ன இருந்துச்சு? அந்த நாற்பதாம் நாள் குழந்தைய வாங்கினேனே, அப்ப உன் முகத்தை நான் பார்க்கலைன்னா நினைச்சே?"

"நீங்க எல்லாரையும்தான் பார்த்தீங்க."

"உன்னைத்தான் பார்த்தேன். என் முகம் மாதிரியே இருந்துச்சு. பார்த்துட்டுத்தான் எடுத்துக்கிட்டேன்."

பெர்மெத்துக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. இத்தனை வருஷம் இவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டிருந்தாள். தெரிந்தே செய்தவளை என்ன செய்வது?

"தெரிஞ்சிருந்தும் ஏன் அபா?"

"எனக்கு வேணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல." கிழவி கோட்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இதையும் குடுக்கமாட்டேன். நான் போனப்புறம் எடுத்துக்க. நரித்தோல், நல்லா சூடா இருக்கு."

பெர்மெத் எழுந்து கதவு வரை போய்விட்டாள்.

"கேளு. அவ கிளம்பற அன்னிக்கு, கார்ல ஏறும்போது, ஒரே ஒரு தடவை 'என் மகளே'ன்னு சொல்லிக்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. ஒரு தடவைதான். நான் காதைப் பொத்திக்கறேன்."

அன்று வகுப்பில் பெர்மெத் பலகையில் 'மகள்' என்று எழுதினாள். பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின: என் மகள், என் மகளின், என் மகளுக்கு. அவள் பலகைக் குச்சியால் தாளம் போட்டாள், தானும் உதட்டை அசைத்தாள். சத்தம் மட்டும் வரவில்லை. 'கிஸிம்', என் மகளே, இவ்வளவுதான் சொல். தொழுவத்தில் மாட்டிடம் சொல்லிப் பார்த்தாள். மாடு திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனியைத் தொடர்ந்தது. குழாயடியில் வாளி நிறையும் சத்தத்தில் சொன்னாள். ரொட்டிச் சட்டிக்குள் குனிந்து சொன்னாள். அங்கே கொஞ்சம் எதிரொலித்தது. நடுவில் கோபம் வரும். கடையில் உப்பு வாங்குவதுபோல, ஒரு தடவைக்கு என்று இன்னொருத்தி அளந்து கொடுத்ததையா வாங்கிக்கொள்வது? மறு நிமிஷம், அந்த ஒரு தடவையும் தவறிவிடுமோ என்று பயம் வரும். எசென், "யாரோட பேசறே?" என்று கேட்டான். "பாடம் தயார் பண்றேன்" என்றாள். அவன் காரின் அடிக்குப் போனான்.

பெண் கிளம்பும் நாள் வந்தது. முதல் பனி விழுந்து, பாதி உருகி, முற்றமெல்லாம் சேறு. ரிப்பன் கட்டிய கார்கள் வாசலில் உறுமிக்கொண்டு நின்றன. பேகிமாய் வெள்ளை உடையில், மேலே யாருடைய கம்பளிக் கோட்டோ போட்டுக்கொண்டு, முதலில் அபாவிடம் போனாள். கிழவி அவளை முகர்ந்தாள், கைகளைத் தடவினாள், விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அப்புறம் பேகிமாய் காரில் ஏறினாள். பெர்மெத் சேற்றில் நடந்து வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சொன்னாள் பாருங்கள், அன்றைக்கு! இத்தனை வருஷம் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது, 'கிஸிம்!' என்று ஒரே குரலாக வெடித்துக் கிளம்பியது. கார்கள் தாமாகவே அணைந்துபோயின. எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். கணவாயில் ஒரு பக்கத்துப் பனி முழுவதும் சரிந்து விழுந்து, கோச்கோர்க்காரர்கள் சம்பந்தி வீட்டு வாத்தியாரம்மாவின் நுரையீரலை வியந்து...

நான் எழுதிய இதை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கூல்ஜான் கிண்ணத்தை நங்கென்று வைத்தாள்.

"நிறுத்துங்கக்கா. பனியாவது, சரியறதாவது. அவ சொல்லவே இல்ல. நான் பக்கத்துலதானே நின்னேன்? கதவைப் பிடிச்சுக்கிட்டு வாயைத் திறந்தா. திறந்தவ, வீட்டுப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டா. அங்க எங்க அண்ணி, அதான், என்னைப் பெத்தவ, அந்த நரித்தோல் கோட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, ரெண்டு கையாலயும் காதை இறுக்கிப் பொத்திக்கிட்டு, கண்ணையும் மூடிக்கிட்டு இருக்கா. அடி விழப்போற சின்னப்புள்ள மாதிரி. அதைப் பார்த்துட்டு யாரால சொல்ல முடியும்? 'அபாவோட பொண்ணே, கழுத்தை மூடிக்க, கணவாயில காத்தடிக்கும்'னா. அவ்வளவுதான் சொன்னா. அதையும் மெதுவாத்தான் சொன்னா."